கிரேஸ்கேல் படம் ஏன் பக்கத்துக்குப் பக்கம் மாறுது?

கருப்பு வெள்ளை புத்தகம் லேஅவுட் பண்றவங்க புலம்புறது பெரும்பாலும் இதுதான். எல்லாப் படத்தையும் கிரே ஆக்கித்தான் வச்சேன், பிடிஎஃப் எடுத்தா ஒண்ணு வெளிறிக் கிடக்கு, இன்னொண்ணு லேசா பழுப்படிக்குதுன்னு. ரெண்டும் வேற வேற கோளாறுங்க, பாவம் எக்ஸ்போர்ட் செட்டிங் தலையில ரெண்டையும் கட்டிடுறாங்க.

பழுப்படிக்கிற கேஸ் சுலபம். அந்தப் படம் பேருக்குத்தான் கருப்பு வெள்ளை, ஃபைல் இன்னும் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம் கலந்த திரைக் கலர்). கலரை மட்டும் உறிஞ்சி எடுத்தா கண்ணுக்கு கிரேவாத் தெரியும், ஆனா சிஎம்ஒய்கேவுக்கு (அச்சுக்கான சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு) மாறும்போது நாலு இங்க்லயும் பிரிஞ்சு போயிடும், அப்புறம் மெஷின்ல மெஜந்தா கொஞ்சம் ஏறினாலும் சாயம் தெரிஞ்சிடும். ஃபோட்டோஷாப்ல மோடையே கிரேஸ்கேல்னு மாத்தி சேவ் பண்ணா தீர்ந்தது.

வெளிறுற விஷயம்தான் ஆளைச் சுத்தல்ல விடும். லேஅவுட் போடுற இன்டிசைன், கிரேஸ்கேல் படத்தோட ப்ரொஃபைலை, அதாவது அந்தக் கிரே நம்பர் எவ்வளவு கருமைன்னு சொல்ற குறிப்பை, கண்டுக்கவே கண்டுக்காது, நம்பரை மட்டும் எடுத்து அப்படியே கருப்பு பிளேட்ல (கருப்பு இங்க்குக்கான அச்சுத் தகடு) போட்டுடும். ஃபோட்டோஷாப் அப்படி இல்ல, ப்ரொஃபைலைப் பாத்துத்தான் திரையில காட்டும், அதனால அதே 50% கிரே காமா 2.2ங்கிற ப்ரொஃபைல்ல ஒரு மாதிரி, டாட் கெயின் 20%ங்கிற ப்ரொஃபைல்ல ஒரு மாதிரி தெரியும். நாலு பேர் நாலு ப்ரொஃபைல்ல அனுப்பின படங்களை ஒரே பக்கத்துல வச்சா எப்படி ஒத்துப்போகும் சொல்லுங்க?

இதுக்கு ஃபோட்டோஷாப் கலர் செட்டிங்ஸ்ல கிரேங்கிற இடத்துல லோட் கிரே குடுத்து, பிரஸ்ல சொல்ற சிஎம்ஒய்கே ப்ரொஃபைலையே தேர்ந்தெடுத்தா அதோட கருப்பு இங்க் மட்டும் கிரே ப்ரொஃபைலா வந்து உக்காரும். பிறகு ஒவ்வொரு படத்தையும் அதுக்கு கன்வர்ட் பண்ணணும். அசைன் இல்ல, கன்வர்ட். அசைன் பண்ணா ப்ரொஃபைல் மட்டும்தான் மாறும், நம்பர் மாறாது, நம்பர் மாறலைன்னா இன்டிசைனுக்கு நீங்க எதுவுமே செய்யாத மாதிரிதான். படம் நிறைய இருந்தா ஒரு ஆக்‌ஷன் ரெக்கார்ட் பண்ணி மொத்தமா ஓட்டிடுங்க, கையால ஒவ்வொண்ணா கர்வ்ஸ் இழுத்து சரிக்கட்டுறதெல்லாம் வீண் வேலை.

இதெல்லாம் செஞ்சும் ஒரு ஸ்ப்ரெட் (எதிரெதிர் ரெண்டு பக்கம்) மட்டும் சாயம் அடிச்சா அங்க டிராப் ஷேடோ (நிழல்) மாதிரி டிரான்ஸ்பரன்சி (அடியில இருக்கிறது ஊடுருவித் தெரியுறது) ஏதாவது இருக்கான்னு பாருங்க. அதைக் கலக்கிற கலர் முறை, அதாவது பிளெண்ட் ஸ்பேஸ், ஆர்ஜிபில இருந்தா, பிடிஎஃப் எக்ஸ்-1ஏ மாதிரி டிரான்ஸ்பரன்சியை ஒரே அடுக்கா ஃபிளாட்டன் பண்ற எக்ஸ்போர்ட்ல அந்த ஸ்ப்ரெட்ல இருக்கிற சுத்த கருப்பும் நாலு கலரா மாறிடலாம், எழுத்து உட்பட. இன்டிசைன் எடிட் மெனுல டிரான்ஸ்பரன்சி பிளெண்ட் ஸ்பேஸை டாக்குமெண்ட் சிஎம்ஒய்கேன்னு மாத்திடுங்க. ரெசல்யூஷன், கம்ப்ரெஷன் பத்தி இங்க கவலையே வேணாம், அதுக்கும் இந்த டோன் பிரச்சனைக்கும் சம்பந்தம் இல்ல.

பிடிஎஃப் கைக்கு வந்ததும் திரையை நம்பாதீங்க. அக்ரோபாட்ல அவுட்புட் பிரிவ்யூ திறந்து கருப்பு பிளேட்டை மட்டும் ஆஃப் பண்ணுங்க, பக்கம் முழுக்க வெள்ளையாயிடணும். ஏதாவது படம் ஆவி மாதிரி மிச்சம் நின்னா ஆள் அதுதான். அக்ரோபாட்லயே கன்வர்ட் கலர்ஸ் வச்சு அவசரத்துக்கு மாத்திக்கலாம், ஆனா அடுத்த திருத்தத்துல பிடிஎஃப் திரும்ப எடுக்கும்போது பழைய குடைச்சல் மறுபடி வரும், அதனால மூலப் படத்தையே சரி பண்ணி லிங்க்கை அப்டேட் பண்றதுதான் என் கட்சி.