சிலிண்டர் இல்லாத இன்ஜினும் ஆர்.சி. புத்தகமும்

என் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காருக்கு விண்டேஜ் பதிவு, அதாவது ஐம்பது வருஷம் தாண்டிய பழைய வண்டிகளுக்கான தனிப் பதிவு, கிடைத்துவிட்டது. தென்னாற்காடு மாவட்ட முத்திரையோடு வந்த பழைய நம்பரும் கைவிட்டுப் போகவில்லை. ஆனால் அதற்காக வண்டியிலிருந்து எதைக் கழற்ற வேண்டி வந்தது என்று நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. ஆர்.சி.யில் ஒரு இன்ஜின், பானெட்டுக்குள் வேறொரு இன்ஜின் என்று பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கடலூர், புதுச்சேரிப் பக்கம் நிறைய பேர் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வண்டி பரங்கிப்பேட்டையில் ஒரு பாய் வீட்டில் இருந்தது. 1960களில் வண்டலூரில் செய்த இரண்டு கதவு ஹெரால்டு. டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் பிறந்ததும் இந்த ஹெரால்டு சேசிஸிலிருந்துதான் (சேசிஸ் என்றால் வண்டியின் அடிச்சட்டம்). ஹெரால்டின் கூரையை வெல்டிங் செய்திருக்க மாட்டார்கள், போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். பாய் அந்தக் கூரையைக் கழற்றி வைத்துவிட்டு, முன்னால் மாஸ்டாவின் 12ஏ ரோட்டரி இன்ஜினை இறக்கிவிட்டார். 1980களில் சிங்கப்பூரில் இருந்த உறவினர் மூலம், உடைப்புக்குப் போன ஓர் ஆர்.எக்ஸ்-7 காரிலிருந்து எடுத்து கப்பலில் வரவழைத்தது.

ரோட்டரியைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது, கனெக்டிங் ராடு கிடையாது. இடுப்பு ஒடுங்கிய ஒரு கூட்டுக்குள், பக்கங்கள் புடைத்த முக்கோண ரோட்டர் ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுவதுபோல் ஓரத்தை உரசிக்கொண்டே சுற்றும். உறிஞ்சுவது, அழுத்துவது, எரிவது, புகை தள்ளுவது நான்கும் அந்த ஒரே சுற்றில் மூன்று பக்கத்திலும் மாறி மாறி நடக்கும். ரோட்டர் ஒரு முறை சுற்றுவதற்குள் ஷாஃப்ட் மூன்று முறை சுற்றிவிடும். ஜெர்மனியில் ஃபெலிக்ஸ் வாங்கெல் யோசித்தது, 1957இல் என்.எஸ்.யூ. கம்பெனியில் முதல் இன்ஜின் ஓடியது. ரோட்டர் முனைகளில் உள்ள சீல் தேய்ந்துபோகும் பிரச்சினையோடு மல்லுக்கட்டி, 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் காரில் போட்டு விற்றது மாஸ்டா. 1991 லெ மான் பந்தயத்தில் ஜெயித்ததும் ரோட்டரி வண்டிதான். ஏழாயிரம் ஆர்.பி.எம்.மிலும் ஸ்டீயரிங்கில் நடுக்கம் தெரியாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாயின் மகன் ஒருமுறை ஓட்டிக் காட்டினார். அன்றைக்கே வண்டியை நான்தான் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆர்.சி. காலாவதியாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. பாயும் தவறிவிட்டார். இறந்தவர் பெயரில் உள்ள வண்டி என்றால் பெயர் மாற்றத்துக்குப் படிவம் 31, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று எல்லாம் வேண்டும். வாரிசுச் சான்றில் சிங்கப்பூரில் இருக்கும் மகள் பெயரும் இருந்தது. அவர் கையெழுத்து இல்லாமல் கோப்பு ஒரு மேசையைக்கூடத் தாண்டவில்லை. பழைய வண்டி வாங்கும்போது முதலில் வாரிசுச் சான்றைக் கேளுங்கள். எத்தனை பெயர் இருக்கிறது, யார் யார் எந்த ஊரில் என்று பார்த்துவிட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள்.

அடுத்தது புரோக்கர். "இன்ஜின் சேஞ்ச்தானே சார், ஆர்.சி.ல ஏத்திடலாம். நம்ம ஆளு உள்ள இருக்காரு" என்று பணம் வாங்கிக்கொண்டார். அந்த இன்ஜின் நாட்டுக்குள் வந்ததற்கு கஸ்டம்ஸ் பேப்பர் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதல் கேள்வியே அதுதான். பாய் வீட்டில் அலமாரி அலமாரியாகத் தேடியும் கிடைக்கவில்லை. புரோக்கர் அதற்குப் பிறகு போன் எடுப்பதையே நிறுத்திவிட்டார்.

நானே நேரில் போனேன். பழைய புத்தக ஆர்.சி. கம்ப்யூட்டரில் ஏறாமல் கிடந்ததால் அதை முதலில் பேக்லாக் என்ட்ரி போட வேண்டும். கூடவே புது இன்ஜினின் விவரத்தையும் சேர்த்துவிட முடியுமா என்று கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் நிதானமாகத்தான் பேசினார்.

"சிலிண்டர் எத்தனை சார்?"

"சிலிண்டரே கிடையாது மேடம். ரெண்டு ரோட்டர்."

"அப்ப ரெண்டுன்னு போட்டுக்கவா?"

"ரெண்டுன்னு போட்டா தப்பாயிடுமே."

"சைபர் போட்டா சிஸ்டம் எடுக்காது சார்."

சி.சி. பற்றிக் கேட்டபோது இன்னும் சிக்கல். ஓர் அறைக்கு 573 சி.சி. என்று இரண்டு ரோட்டருக்கும் சேர்த்து 1146 என்பது மாஸ்டா சொல்லும் கணக்கு. ஜப்பானில் வரி போட அதை ஒன்றரை மடங்காக்குவார்கள். பந்தயங்களில் இரண்டு மடங்கு என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். இதையெல்லாம் காகிதத்தில் படம் போட்டு எடுத்துப் போயிருந்தேன். சூப்பரின்டென்டென்ட் அந்தக் காகிதத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பெட்ரோல்ல ஓடுற இன்ஜினுக்கு சிலிண்டர் இல்லன்னு யார்கிட்ட கதை சொல்றீங்க? வண்டி கம்பெனிகிட்டேர்ந்து லெட்டர் வாங்கிட்டு வாங்க" என்றார். ஸ்டாண்டர்ட் கம்பெனி 1988லேயே உற்பத்தியை நிறுத்திவிட்டது. இல்லாத கம்பெனியிடம் எங்கே போய் லெட்டர் வாங்குவது? அதைச் சொன்னதும் கோப்பை என் பக்கம் தள்ளிவிட்டார். அந்தத் தள்ளல் இன்னும் எனக்கு உறுத்துகிறது.

நேரான பதிலைச் சொன்னவர் ஒரு பிரேக் இன்ஸ்பெக்டர்தான். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவை எடுத்துக் காட்டினார். உற்பத்தியாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. கேஸ், பேட்டரி என்று எரிபொருளை மாற்றும் கிட்டுக்கு விதிப்படி வழி உண்டு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இந்தப் பிரிவை இறுக்கமாகவே படித்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. "பேட்டரி போட்டீங்கன்னா கூட ஒரு வழி இருக்கு தம்பி. இதுக்கு வழியே இல்ல. வண்டிக்கு அம்பது வயசு தாண்டிடுச்சுல்ல? பழைய இன்ஜின் கிடைச்சா விண்டேஜ்ல போங்க" என்றார். அவர் பெயரை இங்கே போட முடியாது. நன்றி மட்டும் உண்டு.

2021 ஜூலையில் வந்த விதி அது. முதல் பதிவிலிருந்து ஐம்பது வருஷம் தாண்டியிருக்க வேண்டும். சேசிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் கூடாது. ஆக ரோட்டரி இறங்கியே ஆக வேண்டும். ஒரிஜினல் 948 சி.சி. இன்ஜினுக்கு எங்கே போவது?

பாயின் மகனுக்குப் போன் போட்டேன். "பின்னாடி ஷெட்ல ஏதோ கெடக்கு, வந்து பாருங்க" என்றார். 2011 தானே புயலில் ஷெட்டின் தகரம் பறந்ததோடு சரி, பிறகு யாரும் கை வைக்கவில்லை. தார்ப்பாய்க்குக் கீழே கியர்பாக்ஸோடு சேர்த்து இன்ஜின் இருந்தது. பக்கத்திலேயே கூரை, போல்ட் எல்லாம் ஒரு டின்னில். பிளாக்கில் அடித்திருந்த நம்பரைத் துணியால் துடைத்து ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டேன். ஒவ்வோர் எழுத்தும் சரியாக இருந்தது. அந்த ஷெட்டுக்குள் நின்று நான் சத்தம் போட்டுவிட்டேன்.

பிஸ்டன் இறுகிப் போயிருந்தது. அரியாங்குப்பத்தில் ஒரு லேத் பட்டறை அண்ணன் டீசல் ஊற்றி ஊறவைத்து, பொறுமையாகத் தட்டி விடுவித்தார். ரீபோர், புது பிஸ்டன், ரிங், கேஸ்கட். ஹெரால்டின் முன்பக்கம் மொத்தமும் முன்னால் சாய்ந்து திறக்கும் என்பதால் ரோட்டரியை இறக்கி இதை ஏற்றியது பெரிய வேலையாக இல்லை.

பாயின் கைவேலையை இங்கே சொல்லியே ஆக வேண்டும். ரோட்டரியைத் தாங்க அவர் தனியாக ஒரு குறுக்குச் சட்டம் செய்து, சேசிஸில் முன்பே இருந்த ஓட்டைகளில் போல்ட் போட்டு மாட்டியிருந்தார். சேசிஸை ஓர் இடத்திலும் வெட்டவில்லை, வெல்டிங் வைக்கவில்லை. கியர்பாக்ஸ் மூடியும் ஹெரால்டில் கழற்றி மாட்டும் வகைதான், அதையும் அறுக்காமல் விட்டிருந்தார். ஆய்வுக்கு வந்தவர்கள் டார்ச் அடித்து வண்டிக்கு அடியில் தேடியது வெல்டிங் தடயத்தைத்தான். ஒரு இடத்தில் இருந்திருந்தாலும் என் விண்ணப்பம் அன்றோடு முடிந்திருக்கும். பழைய வண்டியில் புது இன்ஜின் வைக்க ஆசைப்படுகிறவர்கள் யாராக இருந்தாலும் பாய் செய்த மாதிரி செய்யுங்கள். திரும்பிப் போக வழி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. லேத்தில் வேலை பார்த்த பையன் பிளாக்குக்கு அழகாகப் பெயின்ட் அடித்துவிட்டான், நம்பர் மேலேயும் சேர்த்து. ஆய்வுக்காக நம்பர் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்தபோது பாதி எழுத்து விழவில்லை. அன்றைய பயணம் வீண். தின்னர் வைத்து மெதுவாகத் துடைத்துத்தான் நம்பரைத் திரும்பக் கொண்டுவந்தேன். கம்பி பிரஷ், கிரைண்டர் எதையும் நம்பர் பக்கம் விடாதீர்கள். சுரண்டிய தடம் தெரிந்தால் நம்பரைத் திருத்தியதாகச் சந்தேகம் வந்துவிடும்.

மற்றதெல்லாம் பரிவாகன் என்ற அரசு இணையதளத்தில் விண்ணப்பப் படிவம் 20, இன்சூரன்ஸ், பழைய ஆர்.சி., புகைப்படங்கள். புதிய பதிவுக்கு விதியில் சொன்ன கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். 60 நாளுக்குள் பதிவுச் சான்றான படிவம் 23ஏ தர வேண்டும் என்று விதி சொல்கிறது; எனக்கு அதைத் தாண்டித்தான் வந்தது. தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, விண்டேஜ் ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று மட்டும் வெளியே எடுக்கலாம். இன்சூரன்ஸ் எடுக்கும்போது விண்டேஜ் என்று சொல்லி வாங்குங்கள், மூன்றாம் நபர் பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி உண்டு. என் இன்சூரன்ஸ் ஏஜென்டுக்கு இது தெரியவில்லை. 2022இல் வந்த அறிவிப்பைக் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார்.

12ஏ இப்போது மஞ்சக்குப்பம் வீட்டில் ஒரு இரும்பு ஸ்டாண்டில் நிற்கிறது. விற்கச் சொல்லிக் கேட்டார்கள், விற்க மாட்டேன். ரோட்டர் முனைகளில் உள்ள ஏபெக்ஸ் சீல் தேய்ந்திருக்கிறது, கம்ப்ரஷன் குறைவு. பக்கத் தகடுகளைச் சீராகத் தேய்த்துக் கொடுக்கக்கூடிய பட்டறை கடலூரிலோ புதுச்சேரியிலோ யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். ஸ்டாண்டிலேயே வைத்து ஓட்ட வேண்டும், அதற்கு எந்தப் படிவமும் வேண்டாம்.