இப்போதைக்கு

"இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம்" என்றுதான் சொன்னேன். கணுக்கால் முறிந்து வந்த ஓர் அம்மாவின் மகன் உடனே கேட்டார்: "அப்ப சும்மா கட்டு மட்டுந்தானா டாக்டர்? காப்பீட்டு அட்டை இருக்கு, செலவைப் பத்தி யோசிக்காதீங்க."

அந்த "சும்மா" சுருக்கென்றது. ஓ.பி. வரிசை வாசலைத் தாண்டி நீண்டிருந்தது. "கட்டும் வைத்தியம்தாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டை வாங்கிவிட்டேன்.

அந்த அம்மாவுக்கு 58 வயது, பத்து வருடமாகச் சுகர். வெளிப்பக்கக் கணுக்கால் எலும்பில் முறிவு, வெபர் பி வகை, அதாவது மூட்டின் மட்டத்திலேயே உடைந்தது, பெரிதாக விலகவில்லை. உள்பக்கம் அழுத்தியபோது "லேசா வலிக்குது" என்றார். அந்த "லேசா"வில்தான் எல்லாமே இருக்கிறது. உள்பக்கத் தசைநார் நன்றாக இருந்தால் மூட்டு இடம் விலகாது, மாவுக்கட்டே போதும். 2019-இல் வந்த பின்லாந்து ஆய்வில் இப்படி நிலையாக இருக்கும் முறிவுகளுக்கு மூன்று வாரக் கட்டே ஆறு வாரக் கட்டுக்குச் சளைத்ததாக இல்லை. தசைநார் அறுந்திருந்தால் கதை வேறு. படுக்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் உள்பக்க இடைவெளி 4 மி.மீ.க்குள்தான் இருந்தது. ஆனாலும் ஒரு வாரம் கழித்து, காலை ஊன்றி நிற்கவைத்து ஒரு படம் எடுத்தால்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும். அதற்காகத்தான் "இப்போதைக்கு". இதை அவர்களிடம் சொன்னேனா? "அடுத்த வாரம் வாங்க" என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது.

வரவில்லை. நாலு மாதம் கழித்து வந்தார்கள். வேறெங்கோ ஆபரேஷன் செய்து, எலும்பைப் பிணைக்கும் உலோக பிளேட் வைத்திருந்தார்கள், அதன் மேல் தையல் பிரிந்து சீழ் வடிந்துகொண்டிருந்தது. சுகர் உடம்பில், கணுக்காலின் மெல்லிய தோலுக்குக் கீழே பிளேட் என்றால் இந்தப் பயம் எப்போதும் உண்டு. முதலில் எனக்குள் எழுந்தது, வெட்கமாக இருக்கிறது, "பார்த்தீங்களா" என்ற எண்ணம்தான். மகன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "நீங்களே இப்போதைக்குன்னுதானே சார் சொன்னீங்க. உங்களுக்கே உறுதியில்லைன்னு நினைச்சோம்."

உறுதியில்லைதான். அதை மறைக்காமல் சொன்னது தப்பா, பாதியில் நிறுத்தியது தப்பா? என் முடிவு சரி என்றுகூட வாதாட முடியாது, அந்த நின்ற நிலை எக்ஸ்ரே எடுக்கப்படவே இல்லை. ஒருவேளை மூட்டு விலகியிருக்கும், அப்போது நானே பிளேட்டுக்கு எழுதியிருப்பேன், இதே தையல் என் கையாலேயே பிரிந்திருக்கும்.

அப்புறம் அந்தச் சொல்லையே விட்டுவிட்டேன். போன வாரம் ஒரு பெரியவர், இதே மாதிரி முறிவு, "ஆபரேஷன் இல்லாமலே நிச்சயம் சரியாயிடுமா தம்பி?" என்று கேட்டார். "ஆயிடும்யா" என்றேன். அவரை இன்னும் நிற்கவைத்துப் படம் எடுக்கவில்லை. வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.