ஸ்பிட்ஃபயரின் எஞ்சினை வீட்டுக் களத்தில் இறக்கினோம்

கோபாலபுரம் சோதனைச் சாவடிக்கு இப்பால், பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் தோப்பு வீட்டில், டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 2 என்ற அறுபதுகளின் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று நிற்கிறது. சென்ற பங்குனியில் அதன் எஞ்சினை வீட்டிலேயே இறக்கினோம். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் தாங்களே இந்த வேலையில் இறங்கும்போது எதில் கவனம் வைக்க வேண்டும் என்பதை, என் தவறையும் சேர்த்து எழுதி வைக்க விரும்புகிறேன்.

எஞ்சினை இறக்க நேர்ந்ததற்குக் காரணம் ஒரு சிறிய பிறை வடிவ வாஷர். கிளட்சை மிதிக்கும்போதெல்லாம், எஞ்சினுக்குள் சுழலும் முக்கியத் தண்டான கிராங்க் தண்டு முன்னோக்கித் தள்ளப்படுகிறது. அந்தத் தள்ளலைத் தாங்குவதற்காக, தண்டைத் தாங்கும் பின்புற மெயின் பேரிங்கின் இருபுறமும் திரஸ்ட் வாஷர்கள் இருக்கின்றன. தண்டு முன்பின்னாக நகர 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரையே இடம் இருக்க வேண்டும். என் வண்டியிலோ, ஒருவர் கிளட்சை மிதிக்க, முன்னால் நின்று பார்த்த என் கண்ணுக்கே தண்டின் முன்முனையில் இருக்கும் புல்லி நகர்வது தெரிந்தது. எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் ஆயில் சம்பைக் கழற்றியபோது தேய்ந்த வாஷர் ஒன்று எண்ணெய்க் கசடோடு அடியில் கிடந்தது. வாஷர் விழுந்த பிறகும் வண்டி ஓடியிருந்தால் தண்டு நேராக எஞ்சின் பிளாக்கையே அரைத்திருக்கும். பிளாக்கைப் பார்க்காமல் புது வாஷரைச் செருகி விடுவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை.

உதவிக்குக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு மூத்த மெக்கானிக் வந்தார். மெட்ராஸில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டிகளைப் பிரித்துக் கோத்தே கை பழகியவர். ஹெரால்டின் 948 சிசி எஞ்சினும் ஸ்பிட்ஃபயரின் 1147 சிசி எஞ்சினும் ஒரே குடும்பம். இரண்டு வண்டிகளையும் வரைந்தவர் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவன்னி மிகெலோட்டி. ஆகவே மெக்கானிக்குக்கு இது புது வண்டியாகவே தோன்றவில்லை.

இடம் கொப்பரை உலர்த்தும் சிமெண்ட் களம். சமதளமான, கெட்டியான தரை இந்த வேலைக்கு எவ்வளவு முக்கியமோ, அதைச் சுற்றிலும் எரியும் பொருள் இல்லாதிருப்பதும் அவ்வளவு முக்கியம். எங்கள் பக்கத்துக் களங்களில் மட்டையும் நாரும் எப்போதும் கிடக்கும். பெட்ரோல் சிந்தினால் காய்ந்த நார் அதைக் குடித்துவிட்டு ஒரு பொறிக்குக் காத்திருக்கும். முதல் நாள் முழுவதும் கூட்டிப் பெருக்குவதிலேயே போனது. ஒரு உலர் பவுடர் தீயணைப்பானும் இரண்டு வாளி மணலும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. எரியும் பெட்ரோலில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதை உதவிக்கு வந்த பையன்களுக்கு முதலிலேயே சொல்லி வைத்தேன்.

பாட்டரியைக் கழற்றும்போது வண்டியின் பாடியோடு இணைந்த எர்த் முனையை முதலில் எடுக்க வேண்டும். ஸ்பேனர் பாடியில் பட்டாலும் அப்போது பொறி பறக்காது. ஆனால் மார்க் 2 பாசிட்டிவ் எர்த் வண்டி, பாடியோடு இணைந்திருப்பது பாசிட்டிவ் முனை. பழக்கத்தில் நெகட்டிவை நோக்கிக் கை நீளும், அங்கேதான் தவறும். பெட்ரோல் டாங்க் சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. பம்பில் குழாயை எடுத்தவுடன் பெட்ரோல் தானாக வழிந்து வரத் தொடங்கிவிடும் என்பதால், குழாயின் வாயில் ஒரு போல்ட்டைச் செருகிக் கிளிப் போட்டோம். ரேடியேட்டரிலிருந்து இறங்கிய கூலண்டை அகலமான பேசினில் பிடித்து உடனே மூடி வைத்தோம். அதன் இனிப்புக்கு நாயும் ஆடும் வாய் வைக்கும். எத்திலீன் கிளைகால் அவற்றைக் கொன்றுவிடும்.

ஸ்பிட்ஃபயரின் முன்பகுதி முழுவதுமே முன்னோக்கிச் சாயும் பானெட். அதை விளக்கு ஒயர்களோடு பிரித்து எடுத்த பிறகு, எஞ்சின் மேசைமேல் வைத்ததுபோல் நான்கு பக்கமும் திறந்து நின்றது. கார்புரேட்டர்கள், டைனமோ, ஸ்டார்ட்டர், டாக்கோமீட்டர் கேபிள், ஹீட்டர் குழாய்கள் என்று கழற்றியதை எல்லாம் படம் பிடித்து, சீட்டு ஒட்டி, போல்ட்டுகளை எண் எழுதிய கொட்டாங்குச்சிகளில் பிரித்து வைத்தேன். இந்த வண்டியின் போல்ட்டுகள் அங்குல அளவின. அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர், அதில் 13 நம்பர் ஸ்பேனரைப் போட்டு வலுவாகத் திருப்பினால் தலை மழுங்கிவிடும் என்பதால், அங்குல ஸ்பேனர் செட் வாங்காமல் வேலையைத் தொடங்க வேண்டாம்.

தூக்குவதற்குக் கொட்டகையின் விட்டத்தைப் பயன்படுத்தலாம் என்று சிலர் சொன்னார்கள். கறையான் உள்ளே எவ்வளவு தின்றிருக்கிறது என்பது தெரியாத மரத்தில் நூறு கிலோவை ஒட்டிய இரும்பைத் தொங்கவிட நான் சம்மதிக்கவில்லை. போர்வெல் மோட்டார் தூக்குபவர்களிடமிருந்து மூன்று கால் ஸ்டாண்டையும் சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் ஒரு டன் செயின் பிளாக்கையும் வாடகைக்கு எடுத்தோம். சிமெண்டில் கால்கள் விரிந்து வழுக்காதபடி மூன்றையும் அடியில் சங்கிலியால் பிணைத்தோம். எஞ்சினின் முன்னும் பின்னும் இருந்த தூக்குக் கண்களில் மாட்டிய சங்கிலியை வேண்டுமென்றே நீளமாக விட்டோம். சங்கிலியின் இரண்டு கிளைகளுக்கும் இடையே கோணம் விரிய விரிய ஒவ்வொன்றின் மேலும் இழுவை கூடிக்கொண்டே போகும். 120 டிகிரியில் ஒவ்வொரு கிளையும் முழுப் பாரத்தையும் தாங்க வேண்டிவரும்.

கியர்பாக்ஸை வண்டியிலேயே விட்டுவிட முடிவு செய்தோம். உள்ளே அதன் மூடியை எடுத்துவிட்டு, குறுக்கே போட்ட கட்டையிலிருந்து பெல்ட்டால் அதைத் தாங்கிப் பிடித்தோம். ஸ்டாண்ட் நகராது என்பதால், எஞ்சினை முன்னே இழுப்பதற்குப் பதிலாக வண்டியைப் பின்னே தள்ளித்தான் இரண்டையும் பிரிக்க வேண்டும்.

மவுண்டிங் போல்ட்டுகளை எடுத்தபின் செயினை இழுத்தேன். எஞ்சின் ஒரு விரல் அளவு உயர்ந்தது. அதற்கு மேல் இழுக்க இழுக்க எஞ்சின் தனியே எழும்பவில்லை. வண்டியின் மூக்குதான் எழும்பியது. இறுகப் பிடித்திருக்கிறது, இன்னும் இரண்டு இழுப்பில் வந்துவிடும் என்று நினைத்தேன்.

"நிறுத்து கண்ணு. வண்டியே கூட வருது பாரு, எங்கியோ புடிச்சிருக்குது" என்றார் மெக்கானிக்.

எங்கே என்று பார்ப்பதற்காக எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் நடுவே கையை விட்டேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து வெளியே எடுத்தார். தொங்கும் பாரத்தை மறுபடி மவுண்டிங்கின் மேல் இறக்கி உட்கார வைத்துவிட்டுத்தான் தேடவே விட்டார். டார்ச் வெளிச்சத்தில் கிடைத்தது எஞ்சினையும் சேஸிஸையும் இணைக்கும் எர்த் பட்டை: பின்னல் செப்புக் கம்பி, அறுபது வருட கிரீஸ் ஏறிச் சேஸிஸின் நிறமாகவே ஆகிவிட்டிருந்தது. என் பட்டியலில் 22 இணைப்புகள் இருந்தன, இது 23-வது. நான் இழுத்திருந்தால் பட்டை அறுந்த கணத்தில் எஞ்சின் எகிறி ஆடியிருக்கும், என் கை அதன் அருகில் இருந்திருக்கும்.

அதன்பின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் பெல் ஹவுசிங் போல்ட்டுகளை எடுத்து, இருவர் வண்டியை அங்குலம் அங்குலமாகப் பின்னே தள்ள, கிளட்ச் பிளேட்டின் நடுவிலிருந்து கியர்பாக்ஸ் தண்டு நேராக உருவி வந்தது. எஞ்சினின் பாரம் அந்தத் தண்டில் ஒரு கணமும் சாயக் கூடாது. சாய்ந்தால் பிளேட் வளைந்துவிடும். முழுதும் விடுபட்டதும் வண்டியை வெளியே தள்ளிவிட்டு, எஞ்சினை லாரி டயர் ஒன்றின் மேல் இறக்கினோம். செயினில் இருந்த நேரம் அரை மணி கூட இல்லை.

பையன்களில் ஒருவன் கிளட்சில் இருந்த தூசியை ஏர் பைப்பால் ஊத வந்தான், தடுத்துவிட்டேன். அந்தக் காலத்து கிளட்ச் லைனிங்கில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டும்.

மாலையில் பின்புற மெயின் பேரிங் மூடியைத் திறந்தோம். வாஷர் இருந்திருக்க வேண்டிய இடத்தில், பிளாக்கின் முகத்தில், என் நகம் சிக்கும் அளவுக்கு ஒரு பள்ளம் ஓடியிருந்தது. தண்டின் முகம் மட்டும் தப்பியிருந்தது. பிளாக் இப்போது கோவையில் லேத் பட்டறையில் இருக்கிறது. முகத்தைச் சமப்படுத்தியபின் கனம் கூடிய வாஷர்கள் போட வேண்டும். களத்தில் மறுபடி தேங்காய் காய்கிறது. முன்பாரம் இல்லாமல் மூக்கைத் தூக்கி நிற்கும் வண்டியைக் கொட்டகைக்குள் தள்ளி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியர்பாக்ஸின் வாயைத் துணியால் கட்டி வைத்திருக்கிறேன்.