கஞ்சிரா தேடி புதுக்கோட்டைக்கு

திருச்சியிலிருந்து புதுக்கோட்டை ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான். அவ்வளவு தூரமும் பஸ்ஸில் நின்றே வந்ததைக்கூட மன்னித்துவிடலாம். இறங்கியதும் ஓர் ஆட்டோக்காரர், நடந்து போகிற தூரத்துக்கு 150 ரூபாய் கேட்டார் பாருங்கள்! குறைக்கச் சொன்னால், "அப்ப வெயில்ல நடங்க சார்" என்கிறார். நடந்தேன். மதியச் சாப்பாட்டுக் காசு தப்பியது.

போனது கஞ்சிராவுக்காக. பஜனையில் தட்டிக்கொண்டிருந்த கையடக்க வாத்தியத்தைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் இந்த ஊர் மான்பூண்டியா பிள்ளை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக் கதை இது. அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் பெயர் வாங்கியவர். அப்படிப்பட்ட ஊரில் வழி கேட்டால், "கஞ்சிராவா, அது என்ன கடை?" என்கிறார்கள்!

நண்பர் சொல்லியிருந்த வித்வான் வீட்டைக் கண்டுபிடித்ததும் எரிச்சலெல்லாம் போய்விட்டது. பலாமரத்தில் கடைந்த வளையம், ஒரு பக்கம் மட்டும் தோல், விளிம்பில் ஒரு துளை, அதற்குள் கம்பியில் கோத்த பழைய காசுகள். இவ்வளவுதான் வாத்தியம். அவர் டம்ளர் தண்ணீரில் விரலை நனைத்துத் தோலின் உட்பக்கம் தடவினார். தட்டினார், 'டங்' என்று எகிறியது. இன்னும் கொஞ்சம் தண்ணீர். இப்போது 'கும்' என்று அடிவயிற்றில் இறங்கியது. இடக்கை சும்மா பிடித்திருக்கிறது என்று நினைத்தால் தப்பு. அடி விழும்போது அந்த விரல்கள் விளிம்போரம் தோலை அழுத்த, நாதம் வளைந்து மேலே ஏறுகிறது. ஈரம் காய்ந்தால் சுருதி கூடிவிடும், மறுபடி தடவ வேண்டும். கஞ்சிரா மேதை ஜி. ஹரிசங்கர் (1958–2002) இதை வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் மிருதங்கத்துக்கு ஈடுகொடுத்தார் என்பதை அங்கே உட்கார்ந்து கேட்டபோதுதான் முழுசாக உறைத்தது.

அந்தக் காலத்தில் போர்த்தியது உடும்புத்தோல். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அது குற்றம். வேறு தோலில் அந்த நாதம் வராது என்று உடும்புத்தோலை இன்னமும் ரகசியமாக விசாரிக்கிறவர்கள் இருக்கிறார்களாம். சுத்த அபத்தம். இவர் வாசித்தது ஆட்டுத்தோல். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. செயற்கைத் தோலும் வருகிறது, அதற்குத் தண்ணீர் வேலை இல்லை.

பஸ் நேரம், தங்குமிடம் எல்லாம் வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன், எங்கேயோ போய்விட்டது. சரி, வாங்குகிறவர்களுக்கு ஒன்று: குலுக்கிப் பாருங்கள், காசு தடையில்லாமல் ஆட வேண்டும். தோல் விளிம்பைச் சுற்றி எங்கேயும் தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது. நானும் ஒன்று வாங்கினேன், வித்வான் சொன்ன விலைக்குப் பேரம் பேசவில்லை. லாட்ஜுக்கு வைத்திருந்த பணம் அதில் போனதால், அன்று ராத்திரியே ஊருக்குக் கிளம்பிவிட்டேன்.