ஏர் ரெகுலேஷன்ஸ் பாஸ்: ராணுவ ஏர்ஃபீல்டு பாடத்தை விட்டுவிடாதீர்கள்

போன வாரம் டி.ஜி.சி.ஏ. (விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) நடத்தும் பைலட் லைசென்ஸ் தேர்வின் ரிசல்ட் வந்தது. பறப்பு விதிகளைக் கேட்கும் ஏர் ரெகுலேஷன்ஸ் பேப்பரில் பாஸ். 70 சதவீதத்தைத் தாண்டிவிட்டேன் என்று கண்ணால் பார்த்த பிறகுதான் ராத்திரி ஒழுங்காகத் தூக்கம் வந்தது. கம்ப்யூட்டர் நம்பர் (தேர்வுப் பதிவு எண்), ஸ்லாட் (தேர்வு நேரம்), பேப்பர் எப்படி இருக்கும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் எழுத வந்தது ஒரே ஒரு பாடத்தைப் பற்றி: ராணுவ விமான தளங்களைச் சுற்றியுள்ள வான்வெளி.

கோச்சிங்கில் சொன்னார்கள், "அதுல ஒண்ணு ரெண்டு கேள்விதான் வரும், விட்டுடுங்க" என்று. தயவுசெய்து விடாதீர்கள். அதுவும் பெங்களூரில் பறக்கக் கற்பவர்கள் விடவே கூடாது. ஜக்கூர் பயிற்சி விமான தளத்தில் டேக் ஆஃப் செய்தால் பக்கத்திலேயே எலஹங்கா விமானப்படை தளம். வடக்கே கெம்பேகவுடா விமான நிலையம். தெற்கே எச்.ஏ.எல். விமான நிலையம்; அங்கே போர் விமானங்களின் சோதனைப் பறப்பு நடக்கிறது. நமக்கு இது வெறும் தேர்வுப் பாடம் இல்லை, அன்றாடம் பறக்கிற இடம்.

எனக்குச் சொல்லிக்கொடுத்த இன்ஸ்ட்ரக்டர் விமானப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், தாம்பரம் பக்கத்துக்காரர். வான்வெளி வரைபடமான சார்ட்டை மேசையில் விரித்து, பென்சிலின் பின்பக்கத்தால் ஒரு வட்டத்தைத் தட்டுவார். "தம்பி, இது யார் கையில இருக்கு? எப்ப இருந்து எப்ப வரைக்கும்? எந்த உயரத்துல ஆரம்பிச்சு எதுல முடியுது?" மூன்றுக்கும் பதில் வராமல் அடுத்த வட்டத்துக்குப் போகவே மாட்டார். என்னைப் பாஸ் செய்ய வைத்தது இந்த மூன்று கேள்விதான். நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: யார், எப்போது, எந்த உயரம். ஒவ்வொரு பகுதியையும் கையால் எழுதி நிரப்புங்கள். பிடிஎஃப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தால் மண்டையில் ஏறாது. கையால் வரைந்தால்தான் ஏறும், எனக்கு அப்படித்தான் ஏறியது.

அப்புறம், வீடியோ பார்த்துப் படிப்பவர்களுக்கு முக்கியமாக ஒன்று. யூடியூபில் கிடைக்கும் நல்ல பாடங்களில் பல பிரிட்டிஷ்காரர்களுடையவை. அவர்கள் 'மேட்ஸ்' (ராணுவ ஏரோட்ரோம் போக்குவரத்து மண்டலம்) என்று ஒன்று சொல்வார்கள். ராணுவத் தளத்தைச் சுற்றி 5 நாட்டிகல் மைல் ஆரம், தரையிலிருந்து 3,000 அடி வரை. ஓடுபாதையின் நேரே 4 மைல் அகலத்தில் 5 மைல் நீளும் ஒரு நீட்சி, அது 1,000 அடியில் தொடங்கும். அந்த ஊரில் சிவில் விமானிக்கு இந்த வெளிவட்டம் சட்டப்படி கட்டாயம் இல்லை. ரேடியோவில் கேட்டுவிட்டுப் போவது நல்ல பழக்கம், அவ்வளவுதான். உள்ளே இருக்கிற சிறிய ஏரோட்ரோம் வட்டம் மட்டும் கட்டாயம். பிரிட்டனில் பறக்கப் போகிறவர்களுக்கு இது தேவை. ஆனால் இந்தப் பழக்கத்தை நம் பேப்பருக்குள் கொண்டுவந்தால் தப்பான விடையைத்தான் டிக் செய்வீர்கள். இங்கே ராணுவத் தளத்தின் வான்வெளியில் அனுமதி வாங்காமல் நுழைய இடமே இல்லை. அதற்கும் முன்னால், கிளம்பும்போதே ஏர் டிஃபென்ஸ் கிளியரன்ஸ் (வான் பாதுகாப்பு அனுமதி) விவகாரம் இருக்கிறது. அதை ஃபிளைட் இன்ஃபர்மேஷன் சென்டர் மூலமாக வாங்க வேண்டும்.

நான் திரும்பத் திரும்பப் படித்தவை:

- புரொஹிபிட்டட், ரெஸ்ட்ரிக்டட், டேஞ்சர் என்ற மூன்று வகைப் பகுதிகள். முதலாவதில் பறக்கவே கூடாது. இரண்டாவதில் நிபந்தனையோடு பறக்கலாம். மூன்றாவதில் குறிப்பிட்ட நேரத்தில் விமானத்துக்கு ஆபத்தான ஏதோ நடக்கலாம். 'குறிப்பிட்ட நேரம்' என்ற சொல் எந்த ஆப்ஷனில் இருக்கிறது என்று பாருங்கள்.
- இந்தப் பகுதிகளின் குறியீட்டில் முதல் இரண்டு எழுத்து, எந்த மண்டலம் என்று காட்டும்: வி.ஏ. மும்பை, வி.இ. கொல்கத்தா, வி.ஐ. டெல்லி, வி.ஓ. சென்னை. பெங்களூர் சென்னையின் கீழ் வருகிறது. கல்பாக்கமும் அப்படியே.
- 1937 ஏர்கிராஃப்ட் ரூல்ஸ், விதி 12. தடைப் பகுதிக்குள் வந்துவிட்டது தெரிந்தால் டிஸ்ட்ரெஸ் சிக்னல் (ஆபத்து அறிவிப்பு) கொடுக்க வேண்டும், வெளியே வந்து பக்கத்து ஏரோட்ரோம் ஒன்றில் சீக்கிரம் இறங்க வேண்டும். அந்தப் பகுதிக்கு மேலே இருக்கும்போதே உயரத்தைக் குறைக்கத் தொடங்கக் கூடாது. இந்தக் கடைசி வரியை அடிக்கோடு போடுங்கள்.
- விதி 13: போட்டோ எடுப்பது.
- பழைய கேள்வித்தொகுப்புகளில் 1934 ஏர்கிராஃப்ட் சட்டம் என்றே இருக்கும். 2025 ஜனவரி 1 முதல் அதன் இடத்தில் பாரதீய வாயுயான் அதினியம் வந்துவிட்டது.

தரையிலிருந்து 10 விநாடிக்கு ஒருமுறை ஒளிக்குண்டு சுடப்பட்டு, வெடிக்கும்போது சிவப்பும் பச்சையுமாக ஒளி சிந்தினால் என்ன அர்த்தம்? அனுமதி இல்லாமல் மேலே சொன்ன மூன்று வகைப் பகுதிகளில் ஒன்றுக்குள் இருக்கிறீர்கள், அல்லது நுழையப் போகிறீர்கள். டவர் காட்டும் லைட் சிக்னல்களோடு இதைக் குழப்புவதற்கென்றே ஆப்ஷன் வைப்பார்கள்.

இன்டர்செப்ஷனை (போர் விமானம் வந்து நம்மை வழிமறிப்பது) மனப்பாடம் செய்யாதீர்கள், நடித்துப் பாருங்கள். நானும் என் ரூம்மேட்டும் அல்சூரில் வீட்டு மொட்டை மாடியில் கையை விரித்துக்கொண்டு நடந்தோம். அவன் எனக்கு இடது முன்பக்கம் வந்து இறக்கையை ஆட்டுவான், மெதுவாக இடப்பக்கம் திரும்புவான்: "என் பின்னால் வா." நான் இறக்கையை ஆட்டிவிட்டுப் பின்தொடர வேண்டும். சட்டென்று மேலேறி 90 டிகிரியோ அதற்கு மேலோ திரும்பி, என் பாதையைக் குறுக்கே வெட்டாமல் விலகினால்: "நீ போகலாம்." ரேடியோ 121.5 (அவசர அலைவரிசை), டிரான்ஸ்பாண்டர் (ரேடாருக்கு நம் எண்ணைச் சொல்லும் கருவி) 7700, வேறு எண் சொல்லாதவரை. தேர்வறையில் அந்த மாடியை நினைத்துத்தான் விடை போட்டேன்.

மூலத்துக்கு ஏ.ஐ.பி. இந்தியாவையே (அதிகாரபூர்வ வான்தகவல் தொகுப்பு) பாருங்கள், இலவசம்தான். அதில் ஈ.என்.ஆர். பிரிவில் 5.1, 5.2, இன்டர்செப்ஷனுக்கு 1.12. நோட்டாமையும் (விமானிகளுக்கு வரும் தற்காலிக அறிவிப்பு) வாசித்துப் பழகுங்கள். ஏரோ இந்தியா விமானக் கண்காட்சி நடக்கும் பிப்ரவரியில் எலஹங்காவைச் சுற்றி வான்வெளியை மூடும் நோட்டாம்கள் வரும். அதில் ஒன்றை எடுத்து, யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தோடு ஐந்தரை மணி கூட்டி, யார், எப்போது, எந்த உயரம் என்று உங்கள் நோட்டில் எழுதுங்கள். அது தடுமாறாமல் வந்துவிட்டால் ஸ்லாட் போடலாம்.