உறைபனி வருஷத்து மெர்லோ: பெங்களூரு நாட்குறிப்பு

ஏப்ரல் 8, 2025, செவ்வாய்

பிரான்சின் போர்டோ பகுதியில் உள்ள செயின்ட் எமிலியானின் சிவப்பு ஒயின், 2021 விளைச்சல், ஆறு பாட்டில். திராட்சை ரகம் மெர்லோ 80 சதவீதம், கேபர்னே ஃபிராங் 20. லேபிளில் ஆல்கஹால் 13 சதவீதம். பெங்களூரு அல்சூருக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. குலுங்கி வந்த ஒயின் அடங்க அவ்வளவு நாள் கொடுப்பது நல்லது. சனிக்கிழமை முதல் பாட்டில். அதற்குள் அந்த வருஷம் என்ன நடந்தது என்று எழுதிவிட்டால், கிளாஸில் வருவது எங்கிருந்து வருகிறது என்று பிடிபடும்.

நாலு வருஷத்துக்கு முன் இதே ராத்திரிகள்தான். 2021 மார்ச் கடைசியில் போர்டோவில் வெயில் இதமாக அடித்ததில் மொட்டு முன்கூட்டியே விரிந்தது. ஏப்ரல் முதல் வாரக் கடைசியில் உறைபனி. பஞ்சு மூடிய மொட்டு மைனஸ் 4 வரை கூடத் தாக்குப்பிடிக்கும். பச்சை இலை எட்டிப் பார்த்துவிட்டால் மைனஸ் 2 போதும், விடிந்ததும் துளிர் வேகவைத்த கீரை மாதிரித் தொங்கும். மெர்லோ, கேபர்னே சாவினியோனை விட முந்தித் துளிர்க்கும் ரகம். அதனால் அடியும் அதற்கே அதிகம்.

குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரிப் பள்ளம் பார்த்து ஓடும். டோர்டோன் ஆற்றை ஒட்டிய தாழ்நிலத் தோட்டங்கள் கருகிய ராத்திரியில், செயின்ட் எமிலியானின் சுண்ணாம்புப் பாறை மேட்டில் இருந்தவை பெரும்பாலும் தப்பிக்கும். தோட்டத்தைச் சூடேற்ற மெழுகுக் கொப்பரை கொளுத்துவதானால் ஹெக்டேருக்கு 300 முதல் 500 வரை வேண்டும். வரிசைக்கு நடுவே புல் உயரமாக நின்றால் மொட்டு மட்டத்தில் குளிர் இன்னும் கூடும், முன்னாடியே வெட்டியிருக்க வேண்டும். கவாத்தைத் தள்ளிப்போட்டவர்களுக்கு மொட்டும் சில நாள் தள்ளி விரியும்.

முதல் துளிர் கருகினால் கொடி சாகாது. பக்கத்து மொட்டிலிருந்து இரண்டாவது துளிர் வரும். ஆனால் அதில் கொத்து குறைவு, பழுப்பதும் இரண்டு மூன்று வாரம் தாமதம். ஒரே கொடியில் பழுத்த கொத்தும் காயும் சேர்ந்து தொங்கும். பனி பட்ட கொடிகளுக்கு அப்போதே ரிப்பன் கட்டி அடையாளம் வைத்து, அறுவடையில் அவற்றைத் தனியாகப் பறித்தவர்களின் ஒயினில் பச்சை வாடை குறைவாக இருக்கும். இந்த ரிப்பன் கட்டும் வேலையை யாரும் லேபிளில் எழுதுவதில்லை.

ஏப்ரல் 9, புதன்

பனி முடிந்தது, அடுத்து பூஞ்சை. அந்த வருஷம் ஜூனில் இடிமழை, பிறகு வெயில் ஏறாத ஜூலை. அடிச்சாம்பல் நோய்க்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. தோட்டக்காரர்கள் கணக்கு எளியது: தளிர் 10 சென்டிமீட்டர், மழை 10 மில்லிமீட்டர், வெப்பம் 10 டிகிரி. மூன்றும் சேர்ந்தால் முதல் தொற்றுக்கு வழி திறந்தாயிற்று. மெர்லோவுக்கு இலையோடு நிற்பதில்லை, கொத்திலேயே இறங்கும். காய் பழுப்பேறி, தோல் சுருங்கி, உலர்ந்து போகும்.

இதற்கு அடிக்கும் மருந்து நமக்கு அந்நியமானதல்ல. நம் வேளாண் துறைக்காரர்கள் சொல்லும் போர்டோ கலவை, இதே ஊர்ப் பெயரைத்தான் சுமந்துகொண்டிருக்கிறது. 1880களில் மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் போர்டோ தோட்டங்களில் வேலை செய்து கண்டது. குடகு காபித் தோட்டத்திலும் மலைநாட்டுப் பாக்குத் தோப்பிலும் இன்றும் அதுதான்.

ஒரு சதவீதக் கரைசலுக்கு மயில்துத்தம் (செம்பு சல்பேட்) 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். மயில்துத்தத்தை 50 லிட்டரிலும் சுண்ணாம்பை இன்னொரு 50 லிட்டரிலும் தனித்தனியாகக் கரைத்து, வடிகட்டி, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும். மாற்றி ஊற்றினால் திரிந்து கட்டி விழும், தெளிப்பான் மூக்கு அடைக்கும். பாத்திரம் பிளாஸ்டிக்கோ மண்ணோ மரமோ இருக்கலாம், இரும்பு கூடாது. பிறகு பளபளப்பாகத் தேய்த்த கத்தியை ஒரு நிமிஷம் அமிழ்த்தி எடுத்துப் பார்க்க வேண்டும். விளிம்பில் செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிச்சம் இருக்கிறது, அது இலையைச் சுடும். கத்தி வெள்ளையாகவே வரும்வரை சுண்ணாம்புப் பால் சேர்க்க வேண்டும். கலந்த அன்றே அடித்து முடிக்க வேண்டும்.

இந்த மருந்து இலையின் மேலேதான் நிற்கும், உள்ளே இறங்காது. 20, 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். மறுபடி அடிக்கலாம் என்றால், களிமண்ணில் டிராக்டர் இறங்காது. ஐரோப்பிய விதிப்படி செம்பு ஹெக்டேருக்கு ஏழு வருஷத்தில் 28 கிலோதான், சராசரி வருஷத்துக்கு 4. இயற்கை முறைத் தோட்டங்களுக்கு 2021 எவ்வளவு கொடுமை என்பது இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. இருந்தும் பலருக்கு மருந்து தீரவில்லை, அடிக்க வேண்டிய இரண்டு நாள் தவறியது. பல தோட்டங்களில் விளைச்சல் போனது அப்படித்தான்.

ஏப்ரல் 11, வெள்ளி

இன்று மண்ணும் ஒயின் பட்டறையும்.

செயின்ட் எமிலியானுக்குப் பக்கத்தில் உள்ள பொமரோல் மேட்டின் நீலக் களிமண்ணைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்தான் கண்ணுக்கு வரும். இரண்டிலும் இருப்பது ஸ்மெக்டைட் வகைக் களி. நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். உப்பி இறுகியபின் மேலே பெய்யும் மழை உள்ளே இறங்காமல் வழிந்தோடும், வேர் மேற்கொண்டு தண்ணீர் குடிக்காது. அறுவடை மழையில் மணல் நிலத்துக் காய் ஊதிப் பெருத்த வாரத்தில் இந்தக் களி நிலத்துக் காய் அவ்வளவு ஊதாது. சுண்ணாம்புப் பாறைக்கு வேறு குணம், தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

பறிப்பதற்கு முன் கொட்டையைக் கடித்துப் பார்க்க வேண்டும். பச்சையாக, வாழைப்பூத் துவர்ப்பாக இருந்தால் காத்திருக்கலாம். பழுப்பாகி, வறுத்த கடலை மாதிரி உடைந்தால் பறிக்கலாம். 2021இல் மழை எப்போது வருமோ என்ற பயத்தில் பாதிப் பழுப்பில் பறித்தவர்கள் உண்டு.

பட்டறையில் முதல் வேலை பொறுக்குவது. நம்மூரில் விதைநெல் தேர்ந்தெடுக்க உப்புக் கரைசல் வைப்போமே, முட்டை மிதக்கும் அளவு உப்புப் போட்டு, மேலே வரும் பதரை அள்ளி எறிந்து, அடியில் தங்குவதை மட்டும் எடுப்போமே, அதே வேலையை இங்கே சர்க்கரைக் கரைசலில் செய்கிறார்கள். காம்பு நீக்கிய பழங்கள் தொட்டிக்குள் விழும். சர்க்கரை ஏறிய பழம் மூழ்கும். காய், இலைத் துணுக்கு, பூஞ்சையில் காய்ந்தது எல்லாம் மிதந்து ஒதுங்கும். கரைசலின் அடர்த்தியைக் கொஞ்சம் கூட்டினால் விலக்குவதும் கூடும். அந்த ஒரு எண்ணை எங்கே நிறுத்துவது என்பதில்தான் ஒயின் பட்டறையின் மனசாட்சி இருக்கிறது. கூட்டினால் பாட்டில் குறையும், பனியில் ஏற்கெனவே குறைந்த விளைச்சலில்.

அடுத்து சர்க்கரை. சாறு லிட்டருக்கு சுமார் 17 கிராம் சேர்த்தால் ஆல்கஹால் ஒரு சதவீதம் ஏறும். போர்டோ இருக்கும் மண்டலத்தில் விதி அனுமதிப்பது 1.5 சதவீதம் வரை. 225 லிட்டர் பீப்பாய்க் கணக்கில் அரை சதவீதம் ஏற்ற 1.9 கிலோ. நொதித்தல் நன்றாகப் பிடித்தபின், சாறிலேயே கரைத்து, தவணையாகச் சேர்க்க வேண்டும். கடைசியில் கொட்டினால் களைத்த ஈஸ்ட் முடிக்காது, இனிப்பு மிஞ்சும். 2021இல் பலர் சேர்த்தார்கள். அரை சதவீதம் தவறே இல்லை என்பது எங்கள் கருத்து. ஒன்றரையைத் தொட்டால் தொண்டையில் சூடு தெரியும், பழம் தெரியாது.

பலர் தவறுவது அடுத்த படியில். ஒயின் மெலிசாக இருக்கிறதே என்று தோலைக் கசக்கி நிறத்தையும் துவர்ப்பையும் அதிகம் இறக்கப் பார்ப்பார்கள். பழுத்த வருஷத்தில் 28, 30 டிகிரியில் மூன்று வாரம் ஊறலாம். இந்த மாதிரி வருஷத்தில் 25, 26 டிகிரி, சாறை மேலே ஏற்றி ஊற்றுவது பாதியாக, தினமும் நாக்கில் வைத்துப் பார்த்து நிறுத்த வேண்டும். ஆல்கஹால் ஏற ஏறக் கொட்டையின் கசப்பு கரையும், கரைந்தபின் எடுக்க முடியாது. சாறில் ஒரு பங்கை முன்னமே வடித்துவிட்டு மிச்சத்தை அடர்த்தியாக்குவதும் அப்படித்தான்: நிறத்தோடு பச்சைத் துவர்ப்பும் சேர்ந்து கூடும். புது ஓக் பீப்பாயும் குறைய வேண்டும், மெலிந்த உடம்புக்குக் கனமான சட்டை நிற்காது.

புளிப்புக்கு மட்டும் இயற்கையே வழி வைத்திருக்கிறது. பழுக்காத பழத்தின் மாலிக் அமிலத்தைப் பாக்டீரியா லாக்டிக்காக மாற்றும்போது 1 கிராம் 0.67 கிராம் ஆகிறது. மாங்காய்ப் புளிப்பு தயிர்ப் புளிப்பாக இறங்குகிறது.

ஏப்ரல் 12, சனி

திறந்தாயிற்று. முதலில் மூடி: தகட்டுக்கு அடியில் பிசுபிசுப்பு இல்லை, கார்க் மேலே தள்ளவில்லை, ஒயின் மட்டம் கழுத்துக்குள். இவை மூன்றில் ஒன்று கெட்டிருந்தாலும் வழியில் சூடு பட்டிருக்கலாம், நம் ஊர் வெயிலில் அதிகம் பார்ப்பது அதுதான். முகர்ந்ததும் ஈர அட்டைப்பெட்டி வாடை வந்தால் கார்க் கெட்டது. அதைக் காற்று சரிசெய்யாது.

இன்று அறை 28 டிகிரி. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாறலாம் என்ற பேச்சு பெங்களூரு ஏப்ரலுக்கு ஆகாது. ஐஸும் தண்ணீரும் பாதிப்பாதி கலந்த வாளியில் பத்து நிமிஷம் நிறுத்தி, தெர்மாமீட்டரில் 17 பார்த்து எடுத்தோம். வெறும் ஐஸ் வேண்டாம், பாட்டிலைத் தொடுவதே சில இடம்தான், குளிர் ஏற நேரமாகும்.

பாதியை டிகான்டரில் (ஒயினைக் காற்றுப்பட வைக்கும் கண்ணாடிக் குடுவை) ஊற்றி, பாதியைப் பாட்டிலிலேயே விட்டோம். நிறம் மாணிக்கச் சிவப்பு, விளிம்பில் நீர்மை. முதல் பத்து நிமிஷம் முருங்கைக்கீரை உருவும்போது விரலில் ஒட்டும் பச்சை வாசனை. பிறகு அது பின்வாங்கி, சிவப்புப் பிளம், நாவல், சீவிய பென்சில். துவர்ப்பு இளம் பாக்கு அளவு, கொட்டைப்பாக்கு இல்லை. புளிப்பு நாக்கின் இரு பக்கமும் சுருக்கென்று நின்று, ஒயினைக் கடைசிவரை இழுத்துக்கொண்டு போகிறது. நீளம் எதிர்பார்த்ததற்கு மேல்.

ஒரு மணி நேரத்தில் டிகான்டர் பாதி தளர்ந்தது: பழம் போய்விட்டது, ஓக்கும் புளிப்பும் தனித்தனியாக நின்றன. பாட்டில் பாதி அப்போதுதான் முழுசாகத் திறந்திருந்தது. 2018 மாதிரி கனத்த வருஷத்துக்குச் செய்வதை இதற்குச் செய்யக் கூடாது.

ஏப்ரல் 13, ஞாயிறு

ராத்திரி ஒரு கிளாஸை மூடாமல் மேஜையில் விட்டிருந்தோம். சாம்பல் பூஞ்சை பிடித்த பழம் கலந்திருந்தால் லாக்கேஸ் என்ற நொதி உள்ளே இருக்கும், காற்றுப் பட்டால் நிறத்தைத் தின்றுவிடும். இளம் ஒயின் அடுத்த நாளே பழுப்பாகி மங்கும். பட்டறையிலும் பீப்பாய்க்கு மாற்றுமுன் இதே சோதனைதான். 2013இல் அறுவடை நேரத்து ஈரத்தில் இந்தப் பூஞ்சைதான் மெர்லோவைப் படுத்தியது.

பதினான்கு மணி நேரம் கழித்து எங்கள் கிளாஸ்: வாசனை சப்பென்று ஆகிவிட்டது, நிறம் மாறவில்லை, தெளிவு மாறவில்லை. பொறுக்கியவர்கள் ஒழுங்காகப் பொறுக்கியிருக்கிறார்கள்.

ஏப்ரல் 16, புதன்

சாப்பாடு. மிச்சமிருந்த 200 மில்லியைச் சின்னக் குப்பியில் கழுத்துவரை நிரப்பி ஃபிரிட்ஜில் வைத்திருந்தோம், நாலாம் நாளும் தாங்கியது. காளான் மிளகு வறுவல் மிகச் சரியாகச் சேர்ந்தது. ஆட்டு ஈரலும் சேரும், எண்ணெய் குறைவாக. குடமிளகாய் போட்ட எதுவும் வேண்டாம். பழுக்காத மெர்லோவின் பச்சை வாசனையும் குடமிளகாயின் வாசனையும் ஒரே வகை மூலக்கூறு, ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டும். புளிக்குழம்பு ஒயினைச் சப்பையாக்கும். காய்ந்த மிளகாய்க் காரம் துவர்ப்பைக் கூட்டும்.

ஏப்ரல் 27, ஞாயிறு

இரண்டாவது பாட்டில். 2017இல் உறைபனி விழுந்ததும் ஏப்ரலின் இந்தக் கடைசி நாட்களில்தான்.

இந்த முறை 15 டிகிரியில் எடுத்தோம். கிளாஸில் ஊற்றியதும் சீக்கிரமே 17 ஆகிவிடுகிறது. டிகான்டர் இல்லை, அரை மணி முன்னால் திறந்து, முதல் கிளாஸை ஊற்றி மட்டத்தைத் தோள் வரை இறக்கி வைத்தது போதும். பெரிய கிளாஸ், மூன்றில் ஒரு பங்கு மட்டும். பச்சை வாசனை ஐந்து நிமிஷத்தில் அடங்கியது. நாவல் முன்னால் வந்து கடைசிவரை இருந்தது, துவர்ப்பு மென்மையாக, மாவு போல. முதல் பாட்டிலை விட இது எவ்வளவோ மேல், அதே பெட்டி ஒயின்தான்.

மிச்சம் நாலு. இரண்டு அடுத்த வருஷத்துக்குள். கடைசி இரண்டு 2029 வரை. அதற்கு மேல் காக்க வைக்க இதில் சதை இல்லை. 13 டிகிரி, கீழ்த் தட்டு, படுக்க வைத்து.