காத்துப் பிரிஞ்சிச்சா?

எங்கட வீட்டில சுகமா எண்டு யாரும் கேக்கிறல்ல. "காத்துப் பிரிஞ்சிச்சா?" எண்டுதான் கேக்கிற. எனக்குக் குடல் அடைக்கிற வருத்தம், காத்துப் பிரிஞ்சா அடைப்புத் திறக்குது எண்டு அர்த்தம். மகள் ஹொஸ்டல்ல இருந்து ஃபோன் எடுத்தா ஹலோ சொல்ல முதல் அதைத்தான் கேப்பா, மாமி வேலிக்கு அங்கால நிண்டு அடுத்த வளவுக்கும் கேக்கிற மாதிரிக் கேப்பா. முதல்ல வெக்கமா இருந்திச்சு, இப்ப அதெல்லாம் எங்கேயோ போயிட்டு. போன மாசம் ஊர்ல ஒரு தங்கச்சி, சிசேரியன் செஞ்சு மூண்டு வருசம், ரெண்டாந்தரம் குடல் அடைச்சு ஆஸ்பத்திரியில கிடந்து வந்தவ, என்னத் தேடி வந்து அழுதா. அவக்குச் சொன்னதைத்தான் இதில எழுதுறன். நான் டொக்டர் இல்ல, சின்ன வகுப்புக்குப் படிப்பிக்கிற டீச்சர், எண்ட வயித்தப் பத்தி மட்டும்தான் எனக்குத் தெரியும்.

எல்லாம் 2011 ஜனவரி வெள்ளத்தோட வந்த வினை. மட்டக்களப்பு ஆக்களுக்கு அந்த வெள்ளத்தச் சொல்லித் தரத் தேவல்ல. நாங்க மண்டூர்ப் பக்கம், படுவான்கரை, வாவிக்கு மேற்கால. வெள்ளாவெளி ரோட்டு தண்ணிக்குள்ள, குருமண்வெளிக்குப் போற பாதையும் ஓடல்ல (வெளியூர் ஆக்களுக்கு: எங்கட ஊர்ல பாதை எண்டா வாவியக் கடக்கிற ஃபெரி, ரோட்டு இல்ல). எனக்கு வலப்பக்கம் அடிவயித்தில குத்து. ஒரு நாள் பொறுத்தன், ரெண்டாம் நாளும் பொறுத்தன், பொறுக்காம என்ன செய்யிற. மூண்டாம் நாள் குத்து சட்டெண்டு குறைஞ்சிச்சு, அப்பாடா எண்டு நினைச்சன், அது அப்பென்டிக்ஸ் வெடிச்ச நேரமாம், மறுகா குளிர் காய்ச்சல், வயிறு பலகை மாதிரி. தோணியில ஏத்தி, ட்ரக்டர்ல ஏத்தி, ஆஸ்பத்திரியில போட்டு, தொப்புளுக்கு மேலயும் கீழயும் நடுவால வெட்டி, உள்ளுக்க சீழ் எல்லாம் கழுவி எடுத்தாங்க. உயிர் தப்பினன். அதோட கதை முடிஞ்சிது எண்டு நினைச்ச நான்.

2014ல பொங்கல் முடிஞ்ச கிழமை. மாமி பனங்கிழங்கு அவிச்சு, நல்ல மிளகும் உப்பும் போட்டு இடிச்சு வெச்சிருந்தா. நான் கதைச்சுக் கதைச்சு அஞ்சாறு கிழங்கு திண்டிருப்பன். பின்னேரம் தொடங்கிச்சு. இந்த நோ வேற மாதிரி. முறுக்கிப் பிழியும், ரெண்டு நிமிசத்தில விட்டிடும், விட்டாப் பிறகு ஒண்டும் நடக்காத மாதிரி இருக்கும், எழும்பி நடப்பன், அஞ்சு நிமிசத்தில மறுகா வரும், புள்ளப்பெறு நோ எப்பிடியோ அப்பிடி. வயிறு ஊதி உடுக்கு மாதிரி. காது வெச்சுக் கேட்ட இவர் "உள்ளுக்க பைப்பால தண்ணி போற சத்தம் கேக்குது புள்ள" எண்டார். மாமி ஓமத்தண்ணி தந்தா, இஞ்சிப் பிளேன்டீ தந்தா, "வகுறு சமிக்கல்ல, பேதிக்குக் குடுத்தா எல்லாம் சரி" எண்டு சொல்லி அதையும் கரைச்சுத் தந்தா. அவவுல பிழை இல்ல, நான் கேட்டுக் குடிச்சன். ஆனா குடல் அடைச்சுக் கிடக்கக்குள்ள பேதி மருந்து குடிக்கிறது, வாய்க்கால் மதகை மூடிட்டு மேல குளத்தத் திறந்து விடுற மாதிரி. எனக்குப் பிறகு டொக்டர் ஏசினது இதுக்குத்தான்.

இன்னொரு ஏமாத்து வேலையும் இரிக்கி. அண்டைக்கு ஒரு தரம் கக்கூசுக்குப் போச்சு. போச்சே, அப்ப அடைப்பு இல்ல எண்டு எல்லாரும் ஆறுதலா இருந்திட்டம். அடைச்ச இடத்துக்குக் கீழ இருந்த மிச்சம்தான் வெளிய வந்திருக்கு, மேலால ஒண்டும் இறங்கல்ல. இரவு 10 மணிக்கு மேல சத்தி, முதல்ல சாப்பாடு, பிறகு மஞ்சள், பிறகு கடும் பச்சை. அந்த நேரத்தில பாதை ஓடாது, வெள்ளாவெளியச் சுத்தி பட்டிருப்புப் பாலத்தால ஏறி, களுவாஞ்சிகுடி தாண்டி ரவுணுக்கு, ரோட்டில உள்ள ஒவ்வொரு குழியும் எண்ட வயித்துக்க விழுந்திச்சு.

மூக்கால குழாய் போடுறதுக்குத்தான் எல்லாரும் பயப்பிடுறாக்கள். பயம் சரிதான். கொஞ்சம் ஜெல் பூசி மூக்குக்க விட்டு, தொண்டைக்கு வரக்குள்ள ஓங்காளிக்கும், கண்ணால தண்ணி கொட்டும், மிஸ் (நேர்ஸ்தான்) ஒரு கையால எண்ட தலையப் பிடிச்சு நாடிய நெஞ்சில முட்ட வெச்சு, "முழுங்குங்க அக்கா, தண்ணி குடிக்கிற மாதிரி, முழுங்குங்க, முழுங்குங்க" எண்டு சொல்லச் சொல்ல நான் முழுங்கினன். ஒரு நிமிசக் கூத்து. ஆனா உள்ளுக்க போனோண்ண பேக் நிறையப் பச்சைத் தண்ணி, ஒரு லீற்றருக்கு மேல, இறங்க இறங்க வயிறு தளர்ந்து வந்த சுகம் இரிக்கே, அதுக்குப் பிறகு நான் குழாய எதிரியா நினைக்கிறல்ல. ஊசிகூட அவ்வளவு கேக்கல்ல, குழாய்தான் கேட்டிச்சு.

மத்தது எல்லாம் காத்திருக்கிற வேலை. வாயால ஒண்டும் இல்ல, கட்டில்ல எழுதிப் போட்டிருக்கும். கையில சேலைன், சிறுநீருக்கு ஒரு குழாய், உள்ள போறதையும் வெளிய வாறதையும் மில்லிலீற்றர் கணக்கில எழுதுவாங்க. பொட்டாசியம் குறைஞ்சா அதையும் சேலைன்ல கலந்து ஏத்துவாங்க, அது ஏறக்குள்ள கை எரியும், சொன்னா வேகத்தக் குறைப்பாங்க, சொல்லுங்க, பல்லக் கடிச்சுக் கொண்டு கிடக்காதீங்க. பசி தெரியாது, தாகம்தான் கொல்லும். ஈரத்துணியால சொண்டத் துடைச்சுத் துடைச்சுக் கிடப்பன், பக்கத்துக் கட்டில்ல மத்தியானத்து மீன் குழம்பு மணம் வரும். காலையில ரவுண்ட் வருவாங்க, பெரிய டொக்டர், சின்ன டொக்டர்மார், வெள்ளைக் கோட்டுப் புள்ளையள் ஒரு பத்துப் பேர் சுத்தி நிப்பாங்க, எல்லாருக்கும் முன்னால அந்தக் கேள்வி. காத்துப் பிரிஞ்சிச்சா? எண்ட பழைய மாணவன் ஒருத்தன் அந்தக் கோட்டுக் கூட்டத்துக்க நிண்டான், நான் முகட்டப் பார்த்துக் கொண்டு இல்ல எண்டன்.

மூண்டாம் நாள் விடிய 4 மணி இருக்கும், பிரிஞ்சிச்சு. சின்னதா, ஆனா சந்தேகம் இல்லாம. மிஸ்ஸக் கூப்பிட்டுச் சொல்லக்குள்ள சிரிச்சுக் கொண்டே எழுதினா. அடுத்த கட்டில்ல ஏறாவூர் உம்மா ஒராள், முழிச்சுத்தான் கிடந்திருக்கா, "அல்ஹம்துலில்லாஹ்" எண்டா. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்டாத்தான் வந்திச்சு.

அண்டைக்குத்தான் டொக்டர் விளங்கப்படுத்தினார். வயித்தத் திறந்தா, அதுவும் சீழ் பிடிச்ச வயித்தத் திறந்தா, ஆறக்குள்ள உள்ளுக்க தழும்பு நூல் மாதிரியும் நாடா மாதிரியும் விழும், குடலக் குடலோடயும் வயித்துச் சுவரோடயும் ஒட்டும். அட்ஹீஷன் எண்டு பேர். வயித்தத் திறந்து ஒப்பரேசன் செஞ்ச ஆக்கள் கனபேருக்கு இது இரிக்கி, முக்கால்வாசிப் பேர் அது இரிக்கிறது தெரியாமலே வாழ்ந்திட்டுப் போவாங்க. சிறுகுடல் அடைக்கிறதுக்கு முதல் காரணமும் இதுதான். நான் விளங்காத மாதிரி முழிச்சிருப்பன் போல, எண்ட சேலைன் வயரப் பிடிச்சு மடக்கினார், சொட்டு நிண்டிச்சு. விட்டார், சொட்டு விழுந்திச்சு. "இவ்வளவுதான் டீச்சர். கன நேரம் தானா விட்டிடும். விடாட்டித்தான் கத்தி."

அப்ப அந்த ஒட்டையெல்லாம் ஒரேயடியா வெட்டி விடுங்களன் சேர் எண்டன். எல்லாரும் கேக்கிற கேள்வியாம். வெட்டினா வெட்டின இடத்திலயும் புதுசா ஒட்டும், அதாலதான் அவங்க கத்திய எடுக்கத் தயங்குறது. சும்மா போட்டு வெச்சிருக்கிறாங்க, கவனிக்கிறாங்க இல்ல எண்டு வார்ட்டுக்கு வெளிய நிண்டு சண்டை பிடிக்கிற சொந்தக்காரர் இதத் தெரிஞ்சு கொள்ளணும் (எண்ட தம்பியும் பிடிச்சவன்). சும்மா இருக்கிறதுதான் அங்க வைத்தியம், ஆனா கண்ண மூடாத சும்மா.

2017ல எனக்குக் கத்தியும் வந்திச்சு. அதில எனக்கு ஒரு கோவம் இரிக்கி. முதல் போன இடத்தில, எது எண்டு எழுதல்ல, ஒரு ஸ்கேன் அடிச்சுப் பார்த்திட்டு ஒண்டுமில்ல, கேஸ்ட்ரிக் எண்டு ஊசி போட்டு அனுப்பினாங்க. எனக்கு இப்பிடி முந்தி வந்தது எண்டு சொன்னன், காதில விழல்ல. இந்த ஒட்டு சாதாரண ஸ்கேன்ல தெரியாது, சுத்தமா இரிக்கி எண்டு ரிப்போட் வரும், வந்தாலும் அடைப்பு இல்ல எண்டு அர்த்தம் இல்ல. அடுத்த நாள் விடிய மறுகா போய் நிக்கக்குள்ள எக்ஸ்ரேயில படி படியாத் தண்ணியும் காத்தும். குழாய் போட்டாங்க, ரெண்டாம் நாள் நோவின்ர மாதிரி மாறிட்டு. வந்து வந்து போன நோ, போகாம ஒரே இடத்தில நிண்டிச்சு, காய்ச்சல், நெஞ்சு படபடப்பு. அதைக் கண்டோண்ண டொக்டர்மார் கதைக்கிற குரலே வேற, ஒரு மணித்தியாலத்தில தியேட்டர். ஒரேயொரு நாடாதான், குடல சுருக்குப் போட்ட மாதிரி இறுக்கியிருந்திச்சாம், வெட்டி விட்டோண்ண கறுத்த குடல் சிவந்து வந்திட்டாம், அதால குடல் வெட்ட வேண்டி வரல்ல. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா எண்டு அவர் சொல்லி முடிக்கல்ல, நானும் கேக்கல்ல. விட்டு விட்டு வராம ஒரேயடியா இரிக்கிற நோ, காய்ச்சல், இந்த ரெண்டையும் மட்டும் நினைவில வெச்சிக்க எண்டு அந்தத் தங்கச்சிக்கு மூண்டு தரம் சொன்னன்.

அதுக்குப் பிறகு எண்ட ஹேண்ட்பேக்குக்க ஒரு பிளாஸ்டிக் கவர் இரிக்கி. துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பக்குள்ள தாற டயக்னோசிஸ் கார்ட் எல்லாத்தின்டயும் போட்டோக்கொப்பி, எந்த வருசம் என்ன செஞ்ச எண்டு ஒரு பக்கத்தில எழுதினது. வாயால சொன்னா டீச்சர் அலட்டுறா, கடதாசியக் காட்டினா கேஸ்.

2022 ஆனி மாசம் பெற்றோல் இல்லாத காலம். ஓட்டோ இரிக்கி, ஓட எண்ணெ இல்ல. 1990 நம்பருக்கு ஃபோன் எடுத்தா அம்புலன்ஸ் வேற ஒரு கேஸுக்குப் போயிருந்திச்சு. இவர் சோடாப் போத்தலோட வீடு வீடாப் போய், மூண்டு மோட்டர்சைக்கிள்ல இருந்து ட்யூப் வெச்சு வாயால உறிஞ்சி எடுத்தார், வந்து எனக்குப் பக்கத்தில இருந்து அவரும் சத்தி எடுத்தார். அந்தத் தரம் குழாயால கஸ்ட்ரோகிராஃபின் எண்டு ஒரு மருந்து விட்டாங்க, எக்ஸ்ரேயில வெள்ளையாத் தெரியும், 24 மணித்தியாலத்துக்குள்ள அது பெருங்குடலுக்குப் போய்ச் சேர்ந்தா கத்தி இல்லாமத் திறக்கும் எண்டு கிட்டத்தட்ட நம்பலாமாம். எனக்குப் போய்ச் சேர்ந்திச்சு. அது தண்ணிய இழுக்கிற மருந்து, பிறகு நான் கக்கூசுக்க குடியிருந்த கதை வேற.

சாப்பாட்டில நான் படிச்சது அடி வாங்கிப் படிச்சது. நார்தான் எனக்கு எமன். பனங்கிழங்கு முடிஞ்சிது. பிலாப்பழம், முந்திரியம்பழம், வாழைத்தண்டு, சோளன், தோடம்பழச் சக்கை, கணவாய் முழுசா, எல்லாம் வேணாம். மரவள்ளி எண்டா நடு நார உருவி எறிஞ்சு குழைய அவிச்சு. முருங்கக்காய் சதைய வழிச்சு மட்டும். பிட்டில தேங்காப்பூ இரிக்கிறதால அதையும் விட்டன், மட்டக்களப்பில பிறந்து பிட்ட விடுறது லேசில்ல, இடியப்பமும் சொதியும் எண்டு மாறிட்டன். குழைசோறு, மீன், முட்டை, எருமைத் தயிர், இதுகள் சண்டை இல்ல. இது எண்ட வயித்துக் கணக்கு, உங்களுக்கு உங்கட டொக்டர் வேற சொல்லலாம். எதைத் திண்டாலும் கொஞ்சம் கொஞ்சமா, அரைச்சு அரைச்சு, கதை பேசாம. கலியாண வீட்டில இலை முன்னால இருந்து பாதிச் சோத்தோட எழும்புறவள எங்கட ஆக்கள் விடுவாங்களா, "கறி பிடிக்கல்லியா கா?" எண்டு கேக்கக்குள்ள பதில் சொல்லிச் சொல்லி அலுத்து, இப்ப விரதம் எண்டிடுறன்.

கடைசியா வந்தது 2024 ஆவணி, மண்டூர்க் கந்தசாமி கோயில் திருவிழா நேரம். விடியப்புறம் 3 மணிக்கு அந்த முறுக்கு. இந்த முறை ஓமத்தண்ணியும் இல்ல பேதியும் இல்ல, சாப்பாட்ட நிப்பாட்டினன், காத்து இல்ல, சத்தியும் இல்ல. முந்தி எண்டா பொறுத்திருப்பன். வெளிச்சம் வந்தோண்ண பேக்கும் கவரும் எடுத்துக் கொண்டு முதல் பாதையில ஏறினம். அண்டைக்கு வாவி எண்ணெ ஊத்தின மாதிரி அசையாமக் கிடந்திச்சு. மோட்டர்சைக்கிள்களுக்கு நடுவுல நிக்கிறன், இஞ்சின் அதிர்ச்சி காலால ஏறி வயித்துக்க போகுது, குருமண்வெளித் துறை தெரியிற தூரத்தில, பிரிஞ்சிச்சு. இஞ்சின் சத்தத்துக்கு யாருக்கும் கேக்கல்ல. இவருக்குக் கண்ணால சொன்னன். வந்ததுதானே, காட்டிட்டே போவம் எண்டு போய், கவரக் குடுத்து, எக்ஸ்ரே எடுத்து, பின்னேரம் மட்டும் வெச்சிருந்து பார்த்து, சூப்பும் தண்ணியுமா ரெண்டு நாள் இருங்க எண்டு அனுப்பினாங்க.

திரும்பி வரக்குள்ள அதே பாதைக்காரர். "என்ன டீச்சர், காலையில பேக்கோட போனீங்க, போன கையோட கிறுகிட்டீங்க, டொக்டர் இல்லியா?" எண்டார். இவர் வாயத் திறக்கப் போனார். நான் அவர்ர கால மிதிச்சன்.